மல்டிமீடியா டிசைன் மூன்று வருடம் படிக்கிற படிப்பா? ஏற்காட்டுத் தகப்பனார் ஒருவருக்குப் பதில்

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறீர்கள். மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்து நல்ல மார்க்கில் தேறியிருக்கிறாள். படம் வரைவதும் போனில் வீடியோ வெட்டி ஒட்டுவதும் அவளுக்குக் கை வந்திருக்கிறது; இன்டராக்டிவ் மல்டிமீடியா டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் மூன்று வருட பி.எஸ்சி. இருக்கிறது. ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஒரே வருடத்தில் டிப்ளமாவும் கையோடு வேலையும் தருவதாகச் சொல்கிறது. எதில் சேர்ப்பது, வேலை கிடைக்குமா, எந்த லேப்டாப் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இதெல்லாம் மூணு வருஷம் உட்கார்ந்து படிக்கிற படிப்பா சார், யூடியூப் பார்த்தே கத்துக்கலாம்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். நான் பெங்களூரில் பள்ளிப் பாடங்களுக்கான குறுந்தகடுகள் தயாரிக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு சேலத்துக்கு வந்து இந்தப் பாடத்தையே கல்லூரியில் நடத்துகிறவன். அதனால் எந்தக் கல்லூரியின் பெயரையும் நல்லது, கெட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை. எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்கிறேன்.

இந்தப் படிப்பில் என்னதான் செய்வார்கள்? எழுத்து, படம், ஒலி, வீடியோ, அனிமேஷன் எல்லாம் சேர்ந்த ஒரு பொருளைச் செய்வார்கள். அந்தப் பொருள், அதைப் பயன்படுத்துகிறவர் கையசைவுக்குப் பதில் சொல்ல வேண்டும். சினிமாவுக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். சினிமா பார்ப்பவர் உங்கள் மலைப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, டிரைவர் வளைக்கிற பக்கமெல்லாம் அவரும் வளைவார். இதில் ஸ்டியரிங்கையே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் எங்கே திருப்புவார், எங்கே பயந்து நிற்பார், எங்கே பொறுமை இழந்து இறங்கிவிடுவார் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். வங்கி ஏ.டி.எம். திரை, போனில் டிக்கெட் எடுக்கும் செயலி, கீழடி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கும் தொடுதிரை, குழந்தைகள் விளையாடும் கேம் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் மகள் படித்த பள்ளிப் புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பக்கங்களில் கியூ.ஆர். கோடு அச்சிட ஆரம்பித்தார்கள். அதை ஸ்கேன் செய்தால் வருகிற வீடியோவையும் பயிற்சியையும் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த யாரோவாக ஆவதற்குத்தான் இந்தப் படிப்பு.

ஒரு மாணவர் குழு செய்த வேலையைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். மூன்றாம் வருடத்தில் மூன்று பேர் சேர்ந்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காகப் போனில் திறக்கும் டிசைன் புத்தகம் ஒன்று செய்தார்கள். வெளியூர் வியாபாரி அதைத் திறந்து, டிசைனைப் பார்த்து, அங்குல அளவைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் சொல்ல வேண்டும். பார்க்க அழகாகவே இருந்தது. அதைப் பட்டறை உரிமையாளர் கையில் கொடுத்தோம். அறுபதைத் தாண்டிய மனிதர், அந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவர். முதலில் கொலுசுப் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார், ஒன்றும் நகரவில்லை. அழுத்திப் பார்த்தார், பெரிதாகவில்லை. மாணவர்கள் மேல் மூலையில் மூன்று கோடு போட்ட ஒரு சின்னத்துக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த மாதிரிச் சோதனையின்போது செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வகுப்பில் கண்டிப்பான விதி. மூன்று பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் தலையை நிமிர்த்தி, "எடை எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

வெள்ளித் தொழிலில் முதல் கேள்வியே எடைதான். ஜோடி எத்தனை கிராம் என்று தெரியாமல் யாரும் டிசைனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மாணவர்கள் அதைக் கடைசி வரியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்தில், பொடியாகப் போட்டிருந்தார்கள். ஏ.சி. அறையில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது நாகரிகமாகத் தெரிந்த எழுத்து, பட்டறை வாசல் வெளிச்சத்தில் இருக்கிற இடமே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வலைத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி சொல்கிறது. மாணவர்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தவர்கள்தான். அந்த வாசலில் நின்றபோதுதான் அது அவர்களுக்கு உறைத்தது. திரும்பி வந்து மறுபடி செய்தார்கள். எடை பெரிய எண்ணாக மேலே ஏறியது. படத்தைத் தொட்டால் பெரிதானது, இழுத்தால் அடுத்த டிசைன் வந்தது. மூன்று கோட்டுச் சின்னத்தை எடுத்தே விட்டார்கள்.

அந்தக் குழுவில் ஒரு பெண், டிசைனைத் தொட்டதும் அந்தக் கொலுசின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை. முத்து அதிகம் வைத்த கொலுசும் முத்தே இல்லாத கொலுசும் எப்படி வேறுபடும் என்று படம் காட்டாது, காதுக்குத்தான் தெரியும். விடுதி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தோழியை ஒவ்வொரு கொலுசாகப் போட்டு நடக்க வைத்துப் பதிவு செய்தாள். ஆனால் சேர்த்துப் பார்த்தபோது என்னமோ பொய்யாக இருந்தது. காரணம், பதிவின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. நாம் செய்ததன் உடனடி விளைவு இது என்று மனம் நம்ப வேண்டுமானால் பதில் சுமார் 0.1 வினாடிக்குள் வர வேண்டும். ஒரு வினாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் அறுபடும். பத்து வினாடி ஆனால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். இந்த மூன்று எல்லைகளும் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகக் கைக்கொள்ளப்படுபவை. அவள் அந்த மௌனத்தை வெட்டி எடுத்த பிறகு, விரல் பட்டதும் கொலுசு குலுங்கியது. உரிமையாளர் ஒரே டிசைனை விடாமல் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம், தமிழ் எழுத்து. இதை நம் ஊரில் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எப்போதும் அடித்துச் சொல்வேன். போட்டோஷாப் போன்ற மென்பொருளின் பழைய பதிப்புகளில் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் 'கொலுசு' என்று தட்டினால், கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் பிய்ந்து நிற்கும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். எழுத்துக்கான அமைப்புப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கானதை மாற்றினால்தான் சரியாக வரும். இது தெரியாததால்தான் ஃபிளெக்ஸ் கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். எந்தக் கருவியில் திறந்தாலும் எழுத்து மாறாமல் தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு. தமிழக அரசு அதை ஏற்றது 2010இல். ஆனாலும் பழக்கம் மாறவில்லை. பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே போன் செயலிக்குக் கொண்டுபோனால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கேம் செய்யும் மென்பொருள்களிலும் இதே தலைவலி உண்டு. 2023இல் வந்த கோடோ நான்காம் பதிப்பு போன்றவை தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகின்றன, எல்லாம் அப்படி இல்லை. அப்புறம், ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் அடங்குகிற பொத்தான் தமிழில் பன்னிரண்டு எழுத்து கேட்கும், கட்டத்தை விட்டு வெளியே வழியும். தமிழை மனதில் வைத்தே வடிவமைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கு இது ஒரு பலமாக ஆகலாம்.

இப்போது யூடியூப் கேள்விக்கு வருகிறேன். அக்கம்பக்கத்தில் சொல்வதில் பாதி உண்மை. ஒரு மென்பொருளை இயக்கக் கற்றுக்கொள்ள இன்றைக்குக் கல்லூரி தேவையில்லை. பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப் எல்லாம் இலவசம். கற்றுக்கொடுக்கும் வீடியோக்களும் கணக்கில்லாமல் கிடக்கின்றன. வெறும் மென்பொருளைக் கற்றுக்கொடுத்துவிட்டு இதுதான் மல்டிமீடியா என்று சொல்கிற இடத்துக்குப் பணம் கட்டுவது வீண். ஏனென்றால் மென்பொருள் செத்துப்போகும். நாங்கள் குறுந்தகடு தயாரித்த காலத்தில் டைரக்டர், ஃபிளாஷ் என்ற இரண்டு மென்பொருள்கள்தான் சோறு போட்டன. 1996இல் பிறந்த ஃபிளாஷைக் கற்றுக்கொள்ள ஊரூராக வகுப்பு நடந்தது. 2005இல் அதை வைத்திருந்த மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமே கிடைக்கவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆதரவு நின்றது, 2021 ஜனவரி 12 முதல் ஓட மறுத்தது. அந்த ஒரு மென்பொருளை மட்டுமே தொழிலாக வைத்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே காலத்தில் அசைவு, நேரம், எழுத்து, நிறம், பயன்படுத்துகிறவர் மனம் இவற்றைப் புரிந்து வைத்திருந்தவர்கள் சில மாதத்தில் வலைப்பக்கம் செய்யும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

யூடியூப் கொடுக்க முடியாதது அந்தச் செவ்வாய்ப்பேட்டைப் பகல் பொழுதைத்தான். நீங்கள் செய்ததை வேறொருவர் கையில் கொடுத்து, அவர் தடுமாறுவதைப் பார்த்து, திரும்பி வந்து பிரித்து மறுபடி செய்வது. கூடப் படிக்கிறவர்கள் முன்னால் உங்கள் வேலையை மாட்டி வைத்து, ஏன் இந்த நிறம், ஏன் இந்த இடம் என்று ஆசிரியர் கேட்கக் கேட்கப் பதில் சொல்வது. நிரல் (கம்ப்யூட்டர் கோடிங்) எழுதுகிறவன், ஒலி பதிகிறவள், படம் வரைகிறவன் மூன்று பேரும் சண்டை போட்டு, சமாதானமாகி, சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பது. தனியாக வீட்டில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொள்வது மிகவும் கஷ்டம். இதைக் கொடுக்கிற கல்லூரியென்றால் மூன்று வருடம் தகும். கொடுக்காத கல்லூரியென்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் சரி.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருட இறுதியாண்டு மாணவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டிய போஸ்டர்கள் போதாது, உங்கள் போனில் திறந்து நீங்களே தொட்டுப் பார்க்கிற மாதிரி நாலைந்து வேலையாவது இருக்க வேண்டும். "இதை யாரிடம் கொடுத்துச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். லேப் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுமா, திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஆசிரியர்களில் வெளியே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். விஷுவல் கம்யூனிகேஷன், மல்டிமீடியா, அனிமேஷன், டிஜிட்டல் மீடியா என்று பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. வரைதல், எழுத்துரு, ஒலி, வீடியோ, இவற்றோடு கொஞ்சமாவது நிரல் எழுதுவதும் பயனாளர் ஆய்வும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிரலே இல்லையென்றால் அது நல்ல ஊடகப் படிப்பாக இருக்கலாம், உங்கள் மகள் கேட்கிற படிப்பு அது இல்லை.

டிப்ளமாவா, பட்டமா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது: பிளஸ் டூ முடித்ததும் பட்டம்தான். பெரியார் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் முறையாகப் படித்த பி.எஸ்சி. இருந்தால், நாளைக்கு மனம் மாறினாலும் பட்டம் கேட்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம், எம்.பி.ஏ. போகலாம், ஐ.ஐ.டி.க்களில் முதுநிலை வடிவமைப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வையும் எழுதலாம். தனியார் நிலையத்தின் சான்றிதழ் இந்தக் கதவுகளைத் திறக்காது. 'நூறு சதவீத வேலை உறுதி' என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள். எந்த நிறுவனத்தில், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடமாவது நீங்களே பேசிவிடுங்கள். பட்டம் முடித்த பிறகு ஒரு குறிப்பிட்ட திறமைக்காக ஆறு மாதப் பயிற்சி எடுப்பது வேறு விஷயம், அது நல்லதே.

வணிகவியல் பிரிவு என்று தயங்க வேண்டாம். இந்தத் துறைக்கு எந்தப் பிரிவிலிருந்தும் வரலாம். நிரல் எழுதக் கணக்கு கொஞ்சம் வேண்டும், ஆனால் அது எட்டாம் வகுப்புக் கணக்கை விட அதிகம் போகாது. கோணம், விகிதம், ஆயத்தொலை தெரிந்தால் போதும். சேலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வையும், 1961இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். அங்கெல்லாம் நாலு வருட பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம். கூர்ந்து பார்ப்பதும் வரைந்து யோசிப்பதும்தான் அந்தத் தேர்வுகளில் சோதிக்கப்படும். யூசீட் வழக்கமாக ஜனவரியில் நடப்பதால் இந்த வருடத்துக்கு நேரம் போய்விட்டது. ஆனால் பிளஸ் டூ முடித்த மறுவருடமும் எழுத அனுமதி உண்டு. சேலத்தில் சேர்ந்துவிட்டு, அக்டோபர் வாக்கில் அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து ஒரு கை பார்க்கலாம். சென்னையில் தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் படிப்பு இருக்கிறது. எழும்பூரில் 1850இல் தொடங்கிய கவின்கலைக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டும் அரசு நிறுவனங்கள், கட்டணம் குறைவு, இடமும் குறைவு.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. "நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று வீட்டில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மலையிலிருந்து இறங்கி ஏற்காடு சாலையில் வரும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்துதானே வருகிறீர்கள்? அந்த ஸ்டூடியோவை 1930களில் நிறுவிய டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் இந்த ஊர்த் தயாரிப்பாக வந்தது. தமிழின் முதல் முழு வண்ணப்படமும் 1956இல் இங்கிருந்துதான் வந்தது. செட், படப்பிடிப்பு, ஒலிப்பதிவு எல்லாம் ஒரே வளாகத்துக்குள், ஒரு மில் ஷிப்டு மாதிரி நேரம் தவறாமல் நடந்ததாக அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். கலையையும் தொழில் ஒழுங்கையும் சேர்த்துப் பிடித்த ஊர் இது. இந்தப் படிப்பில் 'தயாரிப்பு' என்று ஒரு பகுதி வரும். யார் எதை எப்போது முடிப்பது, எந்தக் கோப்பு யாரிடம், செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடக்கம். மாணவர்களுக்கு அது சலிப்பாக இருக்கும். ஆனால் வேலைக்குப் போன பழைய மாணவர்கள் திரும்பி வந்து, மற்ற எதையும் விட அதுதான் கைகொடுத்தது என்கிறார்கள்.

வேலை கிடைக்குமா என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் தனித்தனியாக வைக்கிறேன். மென்பொருள் நிறுவனங்களுக்குத் திரை வடிவமைப்பாளர்கள் தேவை, இணையவழிக் கல்விப் பாடங்கள் தயாரிக்கும் இடங்களுக்கு ஆள் தேவை, சின்ன வியாபாரங்களுக்கும் வலைத்தளமும் விளம்பர வீடியோவும் தேவை. இது இன்று கண்ணெதிரே இருக்கிற நிலவரம். வேலைகளில் பெரும்பகுதி கோவை, சென்னை, பெங்களூரில்தான். சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்கள் வந்திருந்தாலும் இங்கே வாய்ப்பு இன்னும் குறைவு. இங்கே உடனே கிடைப்பது பெரும்பாலும் கல்யாண வீடியோ, ஆல்பம், ஃபிளெக்ஸ் வேலை. தொடக்கச் சம்பளம் பொறியியல் முடித்தவர்களோடு ஒப்பிட்டால் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து, அதுவரை செய்து கையில் வைத்திருக்கும் வேலைகளின் தொகுப்பைப் பொறுத்து ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். இந்தத் துறையில் மார்க் ஷீட்டை விட அந்தத் தொகுப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

சந்தேகமான பகுதி, சினிமா விஷுவல் எஃபெக்ட்ஸும் செயற்கை நுண்ணறிவும். பெங்களூரில் பெரிய அளவில் ஆள் வைத்திருந்த டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் 2025 பிப்ரவரியில் உலக அளவில் சரிந்தபோது, நல்ல வேலைக்காரர்களே திடீரென்று வெளியே நின்றார்கள். சினிமா கிராபிக்ஸ் மட்டுமே இலக்கு என்றால் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். 2022இல் இருந்து, எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கருவிகள் வந்துவிட்டன. பின்னணி வெட்டுவது, ஒரே விளம்பரத்தைப் பத்து அளவில் மாற்றுவது போன்ற தொடக்கநிலை வேலைகள் ஏற்கெனவே அவற்றிடம் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் மகள் படித்து முடிக்கும்போது இது எங்கே போய் நிற்கும் என்று உறுதி சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. என் கணிப்பு ஒன்று உண்டு, கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: படம் செய்து தருகிறவர்களின் தேவை குறையும். எடையை மேலே போட வேண்டும் என்று பட்டறைக்குப் போய்க் கண்டுபிடித்து வருகிறவர்களின் தேவை குறையாது.

லேப்டாப்பை இப்போதே வாங்காதீர்கள். இது பெற்றோர்கள் அவசரப்படுகிற இடம். முதல் வருடத்தில் பெரும்பாலும் வரைதல், புகைப்படம், அடிப்படை வடிவமைப்பு, எளிய வலைப்பக்கம்தான் இருக்கும். கல்லூரி லேப்பும் வீட்டில் ஏதாவது ஒரு சுமாரான கம்ப்யூட்டரும் போதும். இரண்டாம் வருடத்தில் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று தெரியும். திரை வடிவமைப்பு என்றால் சாதாரண லேப்டாப்பே ஓடும். முப்பரிமாணம், கேம், வீடியோ என்றால் 16 ஜி.பி. ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, நிறம் சரியாகக் காட்டும் திரை வேண்டும். அப்போது வாங்குவது அப்போதைய மாடலாக இருக்கும். இப்போது செலவழிக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு நல்ல ஹெட்போனும் கட்டுக் கட்டாகக் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள்.

பணம், தங்கும் இடம் பற்றி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது அது உண்டு. கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். பழங்குடியினர், ஆதிதிராவிடர் என்றால் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கேட்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள், ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. தினமும் மலையிலிருந்து வந்து போகலாமா என்று கேட்டீர்கள். நாகலூரிலிருந்து ஏற்காடு, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் சேலத்துக்குள் இன்னொரு பஸ். வகுப்புக்கு மட்டும் வந்து போவதென்றால் முடியலாம். ஆனால் இந்தப் படிப்பில் உண்மையான வேலை வகுப்பு முடிந்த பிறகு மாலை லேப்பில்தான் நடக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் குழுவேலை பாதியில் நிற்கும். கோரிமேடு, கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் உறவினர் வீடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் விடுதிதான்.

சேர்க்கைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் பாப்பா ஒரு வேலை செய்து பார்க்கட்டும். தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பதிலிருந்து தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைப்பது வரை நீங்கள் தினமும் பார்க்கிற வேலைதான். சேர்வராயன் மலையில் 1820களிலிருந்து காபி விளைகிறது. சுற்றுலா வருகிறவர்கள் செடிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்கள், பழத்தைப் பார்த்தால் காபி என்று தெரியாது. அவர்களுக்காகப் போனில் திறக்கிற ஆறே பக்கம் செய்யச் சொல்லுங்கள். அவளே எடுத்த போட்டோ, அவளே பதிந்த சத்தம், உங்கள் குரலில் இரண்டு வரி விளக்கம். நிரல் தெரியாவிட்டால் முதலில் காகிதத்தில் ஆறு பக்கமும் வரைந்து, விரல் வைக்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினாலும் போதும், கல்லூரியிலும் அப்படித்தான் தொடங்குவோம். அதை ஏரிப் பக்கம் கொண்டுபோய், முன்பின் தெரியாத நாலைந்து பேரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் நின்று பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதி வைத்து, மாற்றி, மறுபடி கொடுக்கட்டும். முதல் தாளையும் திருத்திய தாளையும் சேர்த்துக் கல்லூரி நேர்காணலுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது அவளுக்கு நேரம் போவதே தெரியவில்லையென்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் முறை மாற்றுவதற்கே அலுத்துக்கொண்டாள் என்றால், வரைதலுக்கோ வீடியோவுக்கோ மட்டுமான படிப்பைப் பார்க்கலாம். அப்போது மறுபடி இங்கேயே எழுதுங்கள், அதற்கு என்னென்ன வழிகள் என்று சொல்கிறேன்.